பதினொன்றாம் வகுப்பு எங்கே போனது?

மாற்றுப் பள்ளி ஒன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: “பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம பிள்ளைங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது.” மரக்கிளையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் சிறுமியைக் கைபேசியில் படம் பிடித்திருப்பார்கள். களிமண் பூசிய கைகளோடு ஓடிவந்து பேசிய பையனின் துணிச்சலை மெச்சியிருப்பார்கள். அதெல்லாம் வாசல்வரைதான். “பரீட்சை இல்லேன்னா எப்படிப் படிப்பாங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வண்டியைக் கிளப்புவார்கள். மாற்றுப் பள்ளி ஒன்றைப் பற்றிய ‘டோட்டோ-சான்’ நூலைப் படித்துக் கண் கலங்கியவர்களிலும் பலர், புத்தகத்தை மூடிய கையோடு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நீட் பயிற்சி மையம் தேடிப் போனவர்கள்தான்.

இந்த எண்ணத்தைக் கேலி பேசி ஒதுக்கிவிட முடியாது. அதை அதன் முழுப் பலத்தோடு சொல்லிவிடுவதே நியாயம். பரீட்சை என்று ஒன்று இருந்தால்தான் பிள்ளை படிக்கும், வாத்தியாரும் நடத்துவார். இது முதல் வாதம். கட்டுப்பாடில்லாமல் வளரும் பிள்ளை நாளை யாருக்கும் அடங்காது, இது இரண்டாவது. போட்டித் தேர்வு, வேலைத் தேர்வு என்று வரும்போது தோற்றுப்போய் நிற்கும், இது மூன்றாவது. நான்காவதுதான் கனமானது. கையெழுத்துப் போடத் தெரியாத பெற்றோரின் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே ஏணி மதிப்பெண். விடைத்தாளில் சாதி தெரியாது, தெருப்பெயர் தெரியாது, பதிவெண் மட்டும்தான் தெரியும். அந்த ஏணியை உருவிவிட்டுச் சுதந்திரம், படைப்பூக்கம் என்று பேசுவது, வீட்டில் வேறு ஏணி சாத்தி வைத்திருப்பவர்களின் பொழுதுபோக்கு.

இவற்றைச் சோதித்துப் பார்க்க மிதமான பள்ளி ஒன்றை எடுத்துக்கொண்டால் நழுவுவதாகிவிடும். ஆகவே இந்த வகையில் மிகத் தீவிரமானதையே எடுத்துக்கொள்ளலாம். ஏ.எஸ். நீல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1921இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரை ஒட்டிய ஹெல்லராவில் தொடங்கி, ஆஸ்திரியா வழியாக இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த பள்ளி சம்மர்ஹில். 1927 முதல் சஃபோக் மாவட்டத்தின் லீஸ்டன் என்ற சிற்றூரில் இயங்குகிறது. நீலின் அப்பா கிராமத்துப் பள்ளி ஆசிரியர். பிரம்புக்குப் பதில் தோல்வார் பேசிய காலம் அது. அந்த வாரின் மகன் கட்டிய பள்ளியில் வகுப்புகள் உண்டு, நேர அட்டவணை உண்டு, ஆசிரியர்கள் உண்டு. வகுப்புக்குப் போவதும் போகாததும் பிள்ளையின் விருப்பம். ஒரு நாளைக்கு, ஒரு மாதத்துக்கு என்றில்லை, எத்தனை நாளானாலும். நீல் 1973இல் காலமானார். அவருக்குப் பின் மனைவி ஈனாவும், 1985 முதல் மகள் ஸோயி ரெட்ஹெட்டும் நடத்தினார்கள். நூறாண்டு கடந்தும் விதி மாறவில்லை.

1. பரீட்சை வைத்தால் பாடம் நடக்குமா?

நடக்கும், பரீட்சை வைக்கிற வகுப்பில் மட்டும். இதற்குச் சான்று தேடி லீஸ்டன் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பிராய்லர் பள்ளி என்று ஊரே பெயர் வைத்த பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு என்ற ஒன்றே பல ஆண்டுகள் இல்லாமல் இருந்தது. கட்டடம் இருந்தது, வருகைப் பதிவேடு இருந்தது, கட்டணம் நிச்சயமாக இருந்தது. ஆனால் பிள்ளையின் மேசையில் திறந்திருந்தது பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம். பொதுத்தேர்வு பன்னிரண்டுக்குத்தானே? இரண்டு வருடம் ஒரே புத்தகத்தை வரிவரியாக உருப்போட்டு 1200க்கு 1150 வாங்கிய பிள்ளைகள் பொறியியல் கல்லூரியில் முதல் பருவக் கணக்கில் விழித்தார்கள். அடிப்படை எல்லாம் அவர்கள் திறந்தே பார்க்காத பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்தது.

2017இல் அரசு என்ன செய்தது? பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தது. முதல், இரண்டாம், மூன்றாம் இடம் என்று மாணவர் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தை அதே ஆண்டில் நிறுத்தியது நல்ல காரியம். ஆனால் தேர்வு விஷயத்தில் அரசின் செய்கை ஒப்புதல் வாக்குமூலம் போன்றது. பரீட்சை இல்லாத இடத்தில் எங்கள் பள்ளிகள் பாடம் நடத்துவதில்லை என்று அரசாணையே சொல்லாமல் சொன்னது. இதைப் பரீட்சையின் வெற்றியாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கற்றலைப் பரீட்சையிடம் அடகு வைத்த பள்ளி, பரீட்சை கண்ணை மூடும் நேரத்தில் எதையும் கற்பிக்காது என்பதல்லவா அதன் பொருள்? மேலதிகாரி பயத்தில் மட்டும் நேர்மையாக இருக்கும் காவல்காரரை யாரும் நல்லவர் என்று சொல்வதில்லை.

இப்போது சம்மர்ஹில்லுக்கு வரலாம். அங்கே வகுப்பு பிடிக்கவில்லை என்றால் பிள்ளை எழுந்து போய்விடும். அதாவது பரீட்சை உண்டு, தினமும் உண்டு, எழுதுகிறவர் ஆசிரியர். இங்கே பாடம் நடத்தத் தெரியாத ஆசிரியரைக் கோனார் உரையும் மாலை டியூஷனும் முன்னாண்டு வினாத்தாள் தொகுப்பும் காப்பாற்றிவிடும். வகுப்பில் ஐம்பது தலைகள் அசையாமல் இருக்கும். அதைக் கற்பித்தல் என்று ஆய்வாளரும் எழுதிக்கொண்டு போவார். லீஸ்டனில் அந்த மறைப்பு கிடையாது.

அதனால் அங்கே எல்லா ஆசிரியர்களும் திறமைசாலிகள் என்று சொல்ல வரவில்லை. 1949இல் அரசின் கல்வி ஆய்வாளர்கள் வந்து பார்த்தார்கள். சிறு பிள்ளைகளுக்கான கற்பித்தல் பலவீனமாக இருப்பதாக எழுதினார்கள். அதே அறிக்கையில், பிள்ளைகளின் உயிர்ப்பையும் இயல்பான நன்னடத்தையையும் மெச்சி, இங்கே நடப்பது மதிப்புமிக்க ஆய்வு, கல்வித்துறையில் இருப்பவர்கள் வந்து பார்க்க வேண்டியது என்றும் முடித்தார்கள். தன்னைக் குறை சொன்ன அந்த அறிக்கையை நீல் ஒளித்து வைக்கவில்லை. 1960இல் வெளியாகி உலகப் புகழ் பெற்ற தன் புத்தகத்திலேயே முழுசாக அச்சிட்டார். ஆய்வாளர் வருகிறார் என்றதும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் பழக்கம் உள்ள நாட்டில் இது வியப்பான செய்திதான்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1999 மார்ச்சில், ஆஃப்ஸ்டெட் என்னும் ஆய்வு அமைப்பின் ஆட்கள் வந்தார்கள். இவர்கள் நம் வாசல் விருந்தினர்களின் ஆங்கிலப் பதிப்பு. வகுப்புக்கு வராத பிள்ளையைச் சோம்பேறியாகத்தான் அவர்களால் பார்க்க முடிந்தது. திருத்திக்கொள், இல்லையேல் மூடு என்று அரசு தாக்கீது அனுப்பியது. பள்ளி மேல்முறையீடு செய்தது. 2000 மார்ச்சில் லண்டன் உயர்நீதிமன்றக் கட்டடத்தில் கூடிய தீர்ப்பாயத்தில் விசாரணை தொடங்கி, ஒரு வாரம்கூட ஆகாமல் அரசுத் தரப்பு சமரசத்துக்கு இறங்கிவந்தது. வகுப்புக்குப் போகாமல் இருக்கும் உரிமை உட்படப் பள்ளியின் கொள்கையை மதிப்பது என்று ஒப்பந்தம். அதை ஏற்பதா வேண்டாமா? வழக்கறிஞர்கள் முடிவு செய்யவில்லை. பிள்ளைகள் அந்த நீதிமன்ற அறையிலேயே பள்ளிக் கூட்டத்தைக் கூட்டி, விவாதித்து, கை தூக்கி ஏற்றார்கள்.

2. அடங்காப்பிடாரிகள் ஆகிவிடுவார்களா?

நீதிமன்றத்தில் கூட்டம் நடத்திய பிள்ளைகளைப் பற்றித்தான் இந்தக் கேள்வி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பதில் தேடலாம். சம்மர்ஹில்லில் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. படுக்கப் போகும் நேரம், சைக்கிள் ஓட்டும் இடம், அடுத்தவர் பொருளைத் தொடுவது என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. போடுவது பள்ளிக் கூட்டம். ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு, தலைமை ஆசிரியருக்கும் ஒரு ஓட்டு. நீலே ஒருமுறை பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் புகைபிடிக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்து, நீண்ட பிரசங்கம் செய்து, பெரும்பான்மை வாக்கில் தோற்றார். பன்னிரண்டு வயதுக்குக் கீழே மட்டும் தடை என்று ஒரு மாணவன் கொண்டுவந்தது தேறியது. அடுத்த வாரமே அதுவும் நீக்கப்பட்டது. இதைப் படிக்கும் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும். கலக்கட்டும். பிள்ளைகள் முடிவெடுப்பதில் தவறு நடக்கும் என்பது உண்மைதான். தவறிய சட்டத்தைத் திருத்த மறுவாரமே ஒரு கூட்டம் இருக்கிறது என்பதும் உண்மை.

இன்னொரு பக்கம் என்ன இருக்கிறது? ஆண்டு முழுவதும் “வாயில கை வை” என்று அடக்கி வைத்து, கடைசிப் பரீட்சை முடிந்த மத்தியானம் சீருடையில் மை தெளித்துக்கொண்டு பாடப்புத்தகத்தைக் கிழித்து நடுரோட்டில் பறக்கவிடும் பிள்ளைகள். அந்தக் காகிதக் குப்பை ஆண்டுதோறும் நம் தெருக்களில் கிடக்கிறது. அது எந்தக் கட்டுப்பாட்டின் விளைச்சல்?

3. போட்டி உலகத்தில் தோற்றுவிடுவார்களா?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஊகம் தேவையில்லை, சோதித்தே பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1930களில் ஏறக்குறைய 30 உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு சலுகை தரப்பட்டது. பாடத்திட்டத்தை உங்கள் விருப்பப்படி அமைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளை வழக்கமான நுழைவு நிபந்தனைகள் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறோம் என்று சுமார் 300 கல்லூரிகள் ஒப்புக்கொண்டன. எட்டாண்டு ஆய்வு என்று பெயர். மதிப்பீட்டுக்குத் தலைமை ரால்ஃப் டைலர். அந்தப் பள்ளிகளிலிருந்து கல்லூரிக்குப் போன 1,475 பேரை, வயது, பால், குடும்பப் பின்னணி, திறன் எல்லாவற்றிலும் ஒத்த வழக்கமான பள்ளி மாணவர் 1,475 பேரோடு ஒருவருக்கு ஒருவராக இணை வைத்துப் பார்த்தார்கள்.

புதுவழிப் பள்ளிப் பிள்ளைகள் கல்லூரி மதிப்பெண்ணில் சற்றே முன்னால் நின்றார்கள். ஆர்வம், சுயமாக யோசித்தல், பொது வாழ்வில் பங்கெடுத்தல் ஆகியவற்றில் தெளிவாக முன்னால் நின்றார்கள். பழைய முறையிலிருந்து எந்தப் பள்ளி எவ்வளவு தூரம் விலகியதோ அந்த அளவுக்கு அதன் பிள்ளைகள் மேலே இருந்தார்கள் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. முடிவுகள் 1942-43இல் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தன. உலகப்போரின் நடுவே அவற்றைப் படிக்க யாருக்கும் நேரமில்லை. அந்தப் பள்ளிகள் பெரும்பாலும் வசதியுள்ளவர்களின் பள்ளிகள் என்பது சரியான ஆட்சேபம்; அதற்காகத்தான் பின்னணி ஒத்த இணைகளைத் தேடினார்கள்.

சம்மர்ஹில் பிள்ளைகளும் பரீட்சையே காணாதவர்கள் அல்லர். பொதுத்தேர்வு தேவைப்படுகிறவர்கள் தாங்களாக உட்கார்ந்து படித்து எழுதுகிறார்கள். ஒரு வேலைக்கோ கல்லூரிக்கோ அது வேண்டும் என்று புரிந்த பிள்ளைக்கு அது ஒரு டிக்கெட். சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிப்பதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. படம் முழுக்க டிக்கெட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வதில்தான் சிக்கல்.

போட்டி பிள்ளையை உறுதியாக்கும் என்பவர்களுக்கு ஒரு தகவல் மட்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். எல்லாமே பரீட்சையால் அல்ல. ஆனாலும் தேர்வு முடிவு வரும் நாட்களில் 104 எண்ணில் மனநல ஆலோசனை உண்டு என்று அரசே விளம்பரம் செய்ய வேண்டியிருக்கிறது.

4. இது பணக்காரர்களின் விளையாட்டா?

இங்கேதான் மாற்றுக் கல்வியாளர்கள் பலர் தலையைச் சொறிவார்கள். சொறிய வேண்டிய அவசியமும் இருக்கிறது. சம்மர்ஹில் கட்டணம் வாங்கும் உறைவிடப் பள்ளி. ஏழை வீட்டுப் பிள்ளைகளைச் சேர்க்க வழியில்லை என்ற குறை நீலுக்கே இருந்தது. தமிழ்நாட்டுச் சந்தேகத்துக்கு வரலாறும் துணை நிற்கிறது. 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெயர் சூட்டி மக்கள் அதைத் துரத்தினார்கள். மறு ஆண்டு அவர் பதவியும் போனது. புத்தகத்தை ஓரம்வைத்துக் கைவேலை, வாழ்க்கைக் கல்வி என்று யார் ஆரம்பித்தாலும் இங்கே காது கூர்மையாவது அதனால்தான். அந்தக் கூர்மை குறையக் கூடாது.

ஆனால் வாதத்தின் இன்னொரு பாதியையும் சோதிக்க வேண்டும். மதிப்பெண் ஏணி எல்லோருக்கும் ஒரே உயரத்தில்தான் சாத்தியிருக்கிறதா? 1984இல் கொண்டுவந்த தொழிற்கல்வி நுழைவுத்தேர்வு கிராமத்துப் பிள்ளைகளைத் தள்ளிவிடுகிறது என்று சொல்லி 2006இல் சட்டம் இயற்றி ஒழித்தது இதே தமிழ்நாடுதான். நீட் வந்தபின் மருத்துவக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பிள்ளைகளின் பங்கு சுமார் 15 சதவீதத்திலிருந்து சுமார் 2 சதவீதமாகச் சரிந்ததை நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கணக்குப் போட்டுக் காட்டியது. நுழைவுத்தேர்வுதான் தீயது, பள்ளிப் பொதுத்தேர்வு நல்லது என்று சொல்லலாம். அப்படியானால் பிராய்லர் பள்ளிகள் எந்தத் தேர்வின் நிழலில் கொழுத்தன? பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் லட்சங்கள் கொடுத்து வாங்கலாம் என்று கண்டுபிடித்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள் அல்லர். பதிவெண்ணில் சாதி தெரியாது என்பது சரி. டியூஷன் கட்டணம் தெரியும். தகுதி, திறமை என்ற சொற்களைக் கேட்டாலே அதன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று முக்கால் நூற்றாண்டாகச் சரியாகக் கேட்ட சமூகம், மூன்று இலக்க எண் ஒன்றைக் கண்டதும் கேள்வியை மறந்துவிடுவது என்ன நியாயம்?

இத்தாலியின் டஸ்கனி மலைப்பகுதியில் பார்பியானா என்ற குக்கிராமம். பாதிரியார் லோரென்சோ மிலானி அங்கே நடத்திய பள்ளியில் அரசுப் பள்ளி பெயிலாக்கித் துரத்திய விவசாயிகளின் பிள்ளைகள் படித்தார்கள். 1967இல் அந்த மாணவர்களில் எட்டுப் பேர், தங்களைப் பெயிலாக்கிய ஆசிரியைக்குக் கடிதமாக ஒரு புத்தகம் எழுதினார்கள். எந்த வகுப்பில் யார் பெயிலாகிறார்கள், அவர்களின் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று பட்டியல் போட்டார்கள். பெயிலானவர்கள் பெரும்பாலும் உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அந்தப் புள்ளிவிவர வேலைக்காக இத்தாலிய இயற்பியல் கழகம் அவர்களுக்குப் பரிசு கொடுத்தது. தேற மாட்டார்கள் என்று துரத்தப்பட்ட பிள்ளைகள்! தமிழில் ‘எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?’ என்ற பெயரில் வந்து நம் ஆசிரியர்கள் பலர் கையில் புழங்கிய புத்தகம் அது.

சுதந்திரப் பள்ளியின் வேரும் பணக்கார வீட்டில் இல்லை. டால்ஸ்டாய் 1859இல் யாஸ்னயா போல்யானாவில் கட்டாயமற்ற பள்ளி தொடங்கியது தன் பண்ணை விவசாயிகளின் பிள்ளைகளுக்கு. மரியா மாண்டிசோரி 1907 ஜனவரியில் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தது ரோமாபுரியின் சான் லொரென்சோ சேரியில், பெற்றோர் வேலைக்குப் போனபின் படிக்கட்டில் கிறுக்கிக்கொண்டு திரிந்த பிள்ளைகளுக்கு. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கிப் பணியாற்றியவர். இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதி, எல்.கே.ஜி. பிள்ளைக்கு நேர்காணலும் நன்கொடையும் வைத்திருக்கும் பள்ளிகளைக் கண்டு, மாண்டிசோரி முறையே பணக்காரர்களுடையது என்று முடிவுகட்டுவது, களவு போன நகையைத் திருடனுடையது என்று எழுதிக்கொடுப்பது போல.

மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலி வசதியானவர்களின் பள்ளி, மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் கிராமக் கல்வி மையம் சுற்றுவட்டாரத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டைகளும் கற்றல் ஏணியும் உருவாக்கியது. சென்னை மாநகராட்சியிலிருந்து போய்ப் பார்த்தவர்கள் ‘நம்ம பிள்ளைங்களுக்கு ஒத்துவராது’ என்று சொல்லித் திரும்பவில்லை. 2003இல் அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னின்று 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அந்த முறையைத் தொடங்கினார். செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் சென்னை முழுவதும், 2007-08இல் மாநிலம் முழுவதும், சுமார் 37,000 அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளுக்குப் பரவியது. பெஞ்சு போனது, பாய் வந்தது. பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை இறங்கியது. இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்த பிள்ளை விட்ட அட்டையிலிருந்து தொடர முடிந்தது. யாரும் அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடவில்லை. பருவத்துக்கு ஒரு பயமுறுத்தல் இல்லாமல், ஏணிப்படிகளிலேயே மதிப்பீடு இருந்தது. குறைகள் இருந்தன: இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளிகளில் திணறல், மேலிருந்து வந்த உத்தரவாக மட்டும் பார்த்தவர்களின் சலிப்பு. “வீட்டுப்பாடம் இல்லையா? பரீட்சை இல்லையா? அப்ப என்னதான் சொல்லித் தர்றீங்க?” என்று கேட்டுப் பக்கத்து ஆங்கிலவழி நர்சரிக்குப் பிள்ளையை மாற்றிய பெற்றோரும் இருந்தார்கள். பாயில் உட்கார்ந்து அட்டை பொறுக்கிய அந்தப் பிள்ளைகள் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். பணக்காரர்களின் விளையாட்டை அவர்கள்தான் ஆடினார்கள், அரசாங்கச் செலவில்.

எனவே மாற்றுப் பள்ளிகளிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கட்டணம் எவ்வளவு, பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர், தமிழில் கற்பிக்கிறீர்களா, உங்கள் அட்டையையும் முறையையும் அரசுப் பள்ளிக்குக் கொடுக்கத் தயாரா? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் மரத்தடியைக் காட்டி மயக்கும் பள்ளிகளை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். பரீட்சை இல்லை என்பதற்காகத் திட்டுவதுதான் குறி தவறிய கல்.

2019இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று தமிழ்நாடு அரசு அறிவித்தபோது ஊரே கொதித்தது. 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பரீட்சை கெடுதல் என்று அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது எப்படி மருந்தாகிறது என்று இன்னும் யாரும் விளக்கவில்லை.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு போய்விட்டது. உங்கள் வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், இன்று மாலை அதன் பையைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது எந்த வகுப்புப் புத்தகம்?